மலைக்குக் காப்பி பொறுக்கிய அக்கா

எனக்கு விரத நாள் என்றால் அக்கா தன் சின்ன அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு வெளியே போய்விடுவார். “உள்ளே ஒரே புழுக்கம்” என்று சுவரிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போவார். வெளியே தூறிக்கொண்டிருக்கும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே குடைக் காம்பை இடுக்கிக்கொண்டு, தண்ணீரைச் சுட வைத்து, காப்பித்தூள் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, கரைத்து, ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு அடுத்ததைக் கிழிப்பார். பட்டினி வயிற்றோடு தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் என் பக்கம் அந்த வாசம் வரக் கூடாது. அதுதான் விஷயம். அது எனக்குப் புரிவதற்கே ஒரு மழைக்காலம் முழுசாகப் போயிற்று. புரிந்த அன்று நன்றி சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன்.

“உனக்காகவா? உன் மூஞ்சிக்கு நான் மழையில நனையணுமா? போடி, போய் அந்தக் கூடாரத்துக்கு ஒட்டுப் போடு.”

அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேண்டிக்கொள்ளும்போது அவருக்காகவும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வதோடு சரி. தெரிந்தால் அதற்கும் திட்டுவார்.

எங்கள் கடை, மலைக்கும் காட்டுக்கும் நடந்து போய்த் தங்குகிறவர்களுக்குச் சாமான் கொடுக்கிற கடை. முன்பக்கம் கண்ணாடிக் கதவு, நல்ல வெளிச்சம், வரிசையாகத் தொங்கும் முதுகுப் பைகள். பின்பக்கம் நாங்கள். ஜன்னலோரம் என் மிஷின். மலையில் கிழிந்து வரும் கூடாரங்களும் ஜிப் போன தூங்கும் பைகளும் என் பாடு. எதிர்ச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு மேசை, அது அக்காவின் பாடு. மலைக்குப் போகிற ஒவ்வொரு கூட்டத்துக்கும் சாப்பாட்டுப் பை கட்டுவது அந்த மேசையில்தான். சூப்புத் தூள், உலர்ந்த பழம், பிஸ்கட் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம். காப்பியை மட்டும் அக்காவைத் தவிர யாரும் தொடக் கூடாது. மலையேறும் பருவம் தொடங்குவதற்கு முன்னால், எந்த இன்ஸ்டன்ட் காப்பி மேலே போகும் என்று அவர்தான் சொல்வார். அவர் சொன்னால் முதலாளியே மறுபேச்சுப் பேச மாட்டார்.

முதலாளி வேறு யாரும் இல்லை, அக்காவின் கூடப்பிறந்த தம்பி. தாய் தகப்பன் போன பிறகு, மலையேறும் கூட்டங்களுக்குச் சமையல் பாத்திரங்களைச் சுமந்துபோய், மேலே முகாமில் ஆக்கிப் போட்டு, அந்தத் தம்பியைக் கூடவே நடத்திக் கூட்டிக்கொண்டு திரிந்து ஆளாக்கியவர் அக்கா. முழங்கால் தேய்ந்து இனி ஏற முடியாது என்று ஆனபோது இந்த மேசைக்கு வந்தார். சுமைப் பட்டை அழுந்தி அழுந்தி அவர் தோள் இரண்டிலும் வாய்க்கால் மாதிரிப் பள்ளம். சட்டையின் தோள் தையல் அந்தப் பள்ளத்தில் உட்காராமல் தூக்கிக்கொண்டே நிற்கும். எத்தனையோ தடவை பிடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். உடம்பு தைத்த தையலுக்கு முன்னால் என் தையல் எடுபடவில்லை.

வழிகாட்டிகள் நேரில் ‘அக்கா’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘கசாயம்’. அது அவருக்கும் தெரியும். “கசாயம்னா சும்மாவா? குடிச்சா பிழைச்சுக்குவீங்கடா” என்பார்.

அவர் காப்பி பொறுக்குவதைப் பார்க்கவேண்டும். கம்பெனி ஆட்கள் சாம்பிள் பொட்டலங்களைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவருவார்கள். பெட்டியின் மேல் பனி மலை, அதன் முன்னால் ஆவி பறக்கும் கோப்பை. அக்கா படத்தைத் தட்டிக் காட்டுவார்: “படத்துல நல்லாத்தான் பறக்குது.” பிறகு ஐஸ் போட்ட வாளியில் கையை முக்கி, விரல் விறைத்ததும், தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு பொட்டலத்தைக் கிழிக்கப் பார்ப்பார். கிழியாவிட்டால் பல். பல்லுக்கும் மசியாவிட்டால் அந்தக் கம்பெனி அதோடு சரி. உள்ளே இருப்பது தேன் என்றாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அடுத்தது தண்ணீர். கொதிக்கவே விடமாட்டார். அடியில் சின்னச் சின்னக் குமிழ் வந்ததும் இறக்கிவிடுவார். “மேலே போனா தண்ணி சீக்கிரமே தளதளன்னு குதிக்கும். பாத்தா பயங்கரச் சூடு மாதிரி இருக்கும். ஆனா அவ்வளவு சூடு இருக்காது. பொய்க் கொதி. சில மனுஷங்க மாதிரி.” அந்தப் பொய்க் கொதியிலும் கரைய வேண்டும். அடுப்பு அணைந்துபோன நாளுக்காகப் பச்சைத் தண்ணீரிலும் ஒரு தடவை கரைத்துப் பார்ப்பார். கரண்டி வைத்துக்கொள்ள மாட்டார், மேலே முதலில் தொலைவது கரண்டிதானாம். டம்ளரைப் பிடித்து ஒரு சுழற்று. அடியில் மண்டி நின்றால் முகம் கோணும். தூளாக இருப்பது காற்றில் பறந்து கண்ணில் விழும், குருணையாக இருப்பது பச்சைத் தண்ணீரில் பிடிவாதம் பண்ணும், உறைய வைத்து உலர்த்திய சில்லுதான் சொன்ன பேச்சுக் கேட்கும் என்பார். ஆனால் அதிலும் எல்லாச் சில்லும் யோக்கியம் இல்லையாம்.

பாலும் சர்க்கரையும் சேர்ந்தே வருகிற தூளோடு ஒரு விற்பனைக்காரர் வந்தார். புதுச் சட்டை, நல்ல சிரிப்பு.

“தண்ணி ஊத்தினா போதும்மா. வேற எதுவுமே வேணாம்.”

“தம்பி, நீ மலையில தூங்கியிருக்கியா?”

“இல்லம்மா.”

“வீட்டுல?”

“தூங்குவேன்.”

“அப்ப இதை வீட்டுல வெச்சுக் குடி. ஈரம் பட்டா கல்லாயிடும். இதை வெச்சுக் கூடார ஆணி அடிக்கலாம்.”

அவர் சிரித்துக்கொண்டே கிளம்பினார். வாசல் தாண்டிய பிறகு சிரிப்பு நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இத்தனைக்கும் பிறகு கடைசியாகத்தான் மூக்கு. டம்ளரை இரண்டு கையாலும் மூடி, கட்டை விரல்களுக்கு நடுவே சின்ன இடுக்கு விட்டு, அதில் மூக்கை வைத்துக் கண்ணை மூடுவார். அப்போது மட்டும் அவர் முகத்தில் யாரோடும் சண்டை இருக்காது. நான் வேண்டிக்கொள்ளும்போது என் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். “கீழே ஊருக்குள்ள எந்தக் காப்பியும் தொண்டையில இறங்கும். மேலே குளிர்ல மனுஷன் கண்ணைத் திறக்கவே யோசிப்பான். வாசம் வந்து அவன் காதைப் பிடிச்சுத் தூக்கணும்” என்பார். கம்பெனி தூளையும் வெற்று உறையையும் மொத்தமாகத்தான் அனுப்பும்; அளந்து கட்டும் ஒவ்வொரு பொட்டலத்தையும் ஒட்டுவதற்கு முன் கட்டை விரலால் நீவி நீவிக் காற்றை வெளியேற்றுவார். “காத்து உள்ளே நின்னா வாசம் செத்துடும். உயர ஏறினா பொட்டலம் தவளை மாதிரி உப்பிக்கும்.” அவர் கட்டை விரல் ஓரம் அதனாலேயே எப்போதும் பழுப்பாக இருக்கும்.

ஆளைப் பார்த்தும் கட்டுவார். தனியாகப் போகிறவருக்குக் கொஞ்சம் கூடுதலாக வைப்பார், பேச்சுத் துணை இல்லையாம். புதுசாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி வந்து, பையை யார் தூக்குவது என்று கடையிலேயே முறைத்துக்கொண்டார்கள். அக்கா என் பக்கம் குனிந்து, “இதுங்களுக்கு ரெட்டிப்பாப் போடணும். கூடாரத்துக்குள்ள வாய் சும்மா இருந்தா ஆபத்து” என்றார்.

போன மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. விடாத காய்ச்சல். எழுந்து வந்தபோது சட்டைக்குள் ஆள் பாதிதான் இருந்தார். “இன்னும் கொஞ்ச நாள் படுங்கக்கா” என்றேன். “படுத்தா மலைக்குப் பை யாரு கட்டுவா, உன் கடவுளா?” என்று கேட்டுவிட்டு நேரே மேசைக்குப் போனார். பருவம் தொடங்க இருந்த நேரம். மாதிரிப் பெட்டிகள் அவருக்காகக் காத்திருந்தன.

அந்தத் தடவை அவர் பொறுக்கியது வித்தியாசமாக இருந்தது. ஐஸ் வாளி, கையுறை, பொய்க் கொதி எல்லாம் பழையபடியே நடந்தது. மூக்கை வைத்துக் கண்ணை மூடும் இடத்தில் மட்டும் சீக்கிரம் நிமிர்ந்துவிட்டார். ஒன்றைக் குடித்தார், அடுத்ததைக் குடித்தார், முதலில் குடித்ததையே மறுபடி குடித்தார். ஒரு நாளில் முடிகிற வேலை நீண்டுகொண்டே போனது. கடைசியில் ஒரு கறுப்புப் பொட்டலத்தைத் தூக்கி மேசையில் போட்டு, “இதுதான் காப்பி. மத்ததெல்லாம் சாயத் தண்ணி” என்றார்.

எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. குடித்தேன். அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டிக் கரைத்த மாதிரி இருந்தது. நாக்கின் வேர் வரை கசந்தது.

“அக்கா, கருகல் வாசம் வருதே.”

“கூடாரத்துல ஓட்டை எங்கேன்னு உன்கிட்ட நான் வந்து சொல்றேனா?”

நான் மிஷினுக்குத் திரும்பினேன். அவருக்குத் தெரியாததா என்றுதான் நினைத்தேன். கறுப்பு உறையும் தூளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. முதல் கூட்டங்கள் அதைச் சுமந்துகொண்டு மலைக்குப் போயின.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம். நான் ஒரு பெரிய கூடாரத்தின் ஓரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். மிஷின் சத்தத்தில் வேறு எதுவும் காதில் விழாது. நூல் அறுந்ததால் நிறுத்தினேன். நிறுத்தியதும் வாசம் அடித்தது. கேஸ் வாசம். குப்பென்று, மூச்சைப் பிடிக்கிற அளவுக்கு. திரும்பினால், அக்கா தன் சின்ன அடுப்பின் முன்னால் நின்று லைட்டரைத் தட்டப் போகிறார். அடுப்புக்கும் கேஸ் டப்பாவுக்கும் நடுவே திருகு சரியாக உட்காராமல் ‘உஸ்’ என்று கசிந்துகொண்டிருக்கிறது. அவர் அதற்கு நேர் மேலே குனிந்து நிற்கிறார், ஒன்றுமே நடக்காததுபோல.

“அக்கா! கையை எடுங்க!”

கூடாரத்தை இழுத்துக்கொண்டே ஓடிப்போய் லைட்டரைப் பிடுங்கினேன். டப்பாவைக் கழற்றி வெளியே வீசினேன். ஜன்னலையும் கதவையும் திறந்தேன். கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டே நின்றேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அவர் மூக்கு சொல்லவில்லை, என் முகம்தான் சொல்லியது.

“அவ்வளவு வாசமா அடிச்சுது?” என்று மெதுவாகக் கேட்டார்.

“உங்களுக்குத் தெரியலையா?”

முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். பழுப்பேறிய கட்டை விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “காய்ச்சல்ல போச்சு. உப்பு தெரியுது, இனிப்பு தெரியுது, கசப்பு நல்லாத் தெரியுது. வாசம்னு ஒண்ணு இல்லை. எதைத் தின்னாலும் சுவத்தை நக்கினாப்பல இருக்கு.”

“அப்ப அந்தக் கறுப்புப் பொட்டலம்?”

“எல்லாம் வெந்நீர் மாதிரி இருந்துச்சு. நாக்குல ஏதோ பட்டுச்சுன்னா அது ஒண்ணுதான்.”

“தம்பிகிட்டச் சொல்லிடுங்கக்கா. மேலே போகாத பையெல்லாம் பிரிச்சு வேற போட்டுடலாம். போனது போகட்டும்” என்றேன்.

“சொன்னா இந்த மேசையை விட்டு எழுந்திருன்னு சொல்லுவான். மரியாதையாத்தான் சொல்லுவான். முன்னாடி ஒரு நாற்காலி போட்டு, ஃபேன் போட்டு, ‘நீ உக்காருக்கா, நீ உழைச்சது போதும்’னு சொல்லுவான். அந்த மரியாதையை நான் எங்கே கொண்டுபோய் வைக்கிறது?”

பிறகு என் கையைப் பிடித்தார். அக்கா யார் கையையும் பிடித்து நான் பார்த்ததில்லை. “உன் கடவுள் மேல சத்தியம் பண்ணு. யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

“சத்தியமெல்லாம் வேணாங்கக்கா. நானாப் போய்ச் சொல்ல மாட்டேன். அவர் கேட்டா மறைக்கவும் மாட்டேன். இனிமே அடுப்பை மட்டும் நான் பத்த வெக்கிறேன், நீங்க தொடாதீங்க.”

கையை விட்டுவிட்டார். மூக்கால் சிரித்தார். “உன் கடவுள் உன்னை நல்லா வளத்திருக்கான். யாருக்கும் பிரயோசனம் இல்லாம.”

அன்றிலிருந்து அடுப்பை நான் பற்ற வைத்தேன். அவர் பைகளைக் கட்டிக்கொண்டேயிருந்தார். தப்பான காப்பி என்று தெரிந்த பிறகும், ஒவ்வொரு பொட்டலத்திலும் காற்றை நீவி எடுத்துத்தான் ஒட்டினார். அதைப் பார்ப்பதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கூட்டங்கள் இறங்கி வர ஆரம்பித்தன. வழிகாட்டிகளில் மூத்தவர் ஒருவர், தாடிக்காரர் என்போம், சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்து முன்மேசையில் தலைகீழாகக் கவிழ்த்தார். பிரிக்காத கறுப்புப் பொட்டலங்கள் பொலபொலவென்று விழுந்தன.

“காப்பியாங்க இது? அடுப்புக்கரியை இடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. மழையில கூடாரத்துக்குள்ளேயே மாட்டிக்கிட்டோம். குடிக்கிறதுக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு. ஒரு அம்மா ஒரு வாய் குடிச்சுட்டு அழுதுட்டாங்க. சத்தியமா அழுதாங்க. நான் என் கூட்டத்தை அடுத்த தடவை எதிர்க்கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

முதலாளி பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அக்கா தலை நிமிராமல், “வாய்க்கு வக்கணையா வேணும்னா வீட்டுலயே கிடக்க வேண்டியதுதானே?” என்றார். வழக்கமான பதில்தான். ஆனால் அடுத்த கூட்டமும் அதையே சொன்னது. அதற்கடுத்த கூட்டமும் சொன்னது. முதலாளி எதுவும் கேட்கவில்லை. அக்காவிடமும் கேட்கவில்லை, என்னிடமும் கேட்கவில்லை. வந்து வந்து அக்கா டம்ளரை முகர்வதை மட்டும் நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

ஒரு காலையில் வழிகாட்டிகள் எல்லாரும் புதுப் பைகளுக்காக வந்து கூடியிருந்தார்கள். முதலாளி இரண்டு டம்ளரோடு பின்பக்கம் வந்தார். கூடவே தாடிக்காரரும் மற்றவர்களும் வந்தார்கள்.

“அக்கா, இதுல ஒண்ணு நீ எடுத்தது. இன்னொண்ணு நான் புதுசா வாங்கலாம்னு பாக்குறது. எது உன்னோடதுன்னு சொல்லு.”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். முதல் டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்து அடியைப் பார்த்தார். சுழற்றினார். நுரை எப்படிக் கலைகிறது என்று பார்த்தார். ஒரு வாய் குடித்தார். இரண்டாவதையும் அப்படியே செய்தார். முதலாவதை மறுபடி எடுத்தார். கடைசியில் கையால் மூடி, இடுக்கில் மூக்கை வைத்துக் கண்ணை மூடினார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். கண்ணைத் திறந்தபோது ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நூல் உள்ளே போகவே இல்லை.

“இது என்னோடது” என்று முதல் டம்ளரை முன்னால் தள்ளினார். “அது... என்னடா அது, துணி அலசின தண்ணி மாதிரி? நாய்கூட மோந்து பாக்காது.”

முதலாளி இரண்டு டம்ளரையும் ஒன்றை ஒட்டி ஒன்றாக நகர்த்தி வைத்தார்.

“ரெண்டும் ஒண்ணுதான்க்கா. ஒரே பாத்திரத்துல கரைச்சு ரெண்டா ஊத்தினேன்.”

தாடிக்காரர் சிரித்துவிட்டார். வேண்டுமென்று சிரிக்கவில்லை, வாய் முந்திக்கொண்டது. அவரைப் பார்த்து இன்னும் ஒருவர் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

“ஏன்க்கா என்கிட்ட சொல்லல?” முதலாளியின் குரல் உடைந்திருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். அவர் கெட்டவர் இல்லை.

“சொன்னா புது மூக்கு வாங்கித் தந்திருப்பியா?”

“அடுப்பு, கேஸுன்னு கிடக்கிற இடம் இது. ஏதாவது ஆகியிருந்தா?”

“ஆகியிருந்தா நல்லதுதான். இந்த டம்ளரைப் பாத்திருக்க மாட்டேன்.”

சொல்லிவிட்டு இரண்டு டம்ளரையும் எடுத்துப்போய்க் கழுவி, கவிழ்த்து வைத்தார். துணியால் மேசையை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை துடைத்தார்.

அவர் சொன்னபடியே நாற்காலி வந்தது. முன்பக்கம், கண்ணாடிக் கதவுக்கு அருகில், ஃபேனுக்கு நேர் கீழே. அக்கா அதில் கொஞ்ச நாள் உட்கார்ந்தார். வருகிறவர்கள், “எந்தக் காப்பி நல்லாயிருக்கும்?” என்று பழக்கத்தில் அவரிடம் கேட்பார்கள். “என்னைக் கேக்காதீங்க, நான் இங்கே அழகுக்கு உக்காந்திருக்கேன்” என்பார். முதலாளி ஓடிவந்து வேறு பொட்டலத்தைக் காட்டுவார். பின்பக்க மேசையில் வேறு ஒரு பெண் பை கட்ட ஆரம்பித்தாள். நல்ல பெண். ஆனால் அவள் பொட்டலத்தில் காற்றை எடுக்கவில்லை. அக்காவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவர் கிளம்பிய அன்று நான் அவர் பையின் வாரைத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மலையடிவாரத்தில், நடைபாதை தொடங்கும் இடத்தில், ஒரு விடுதியில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னார். என்ன வேலை என்று சொல்லவில்லை.

“அவன் உன்கிட்டக் கேட்டானா?” என்றார் திடீரென்று.

“கேக்கலக்கா.”

“கேட்டிருந்தா?”

“சொல்லியிருப்பேன்.”

“தெரியும். அதனாலதான் உன்கிட்ட இன்னும் பேசுறேன்.” வாரை இழுத்துப் பார்த்தார். “அவனும் என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். சின்னப் பயலா இருந்தப்ப ஒரு தடவை முகாம்ல படுக்கையை நனைச்சுட்டான். விடிஞ்சா அத்தனை சுமைக்காரங்களும் சிரிப்பாங்க. நான் ஒரு பானைத் தண்ணியை எடுத்து அதுமேலேயே ஊத்திட்டு, கை தவறிடுச்சுன்னு சொன்னேன். குளிர்ல தண்ணியைக் கொட்டினியான்னு அவங்ககிட்ட அறை வாங்கினேன். அன்னைக்கு ரெண்டு டம்ளரோட நின்னான் பாரு, அது என் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. எதிர்ல அந்தத் தாடி நின்னான். முழுங்கிட்டேன்.” பையைத் தோளில் மாட்டினார். வார் நேராகப் போய் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தது. “நான் கடைசியா ருசி தெரிஞ்சு முழுங்கினது அதுதான்.”

இந்தப் பருவத்தில் அந்த விடுதியின் கூடாரங்களைத் தைத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். அக்கா அங்கே கழிப்பறைகளைக் கழுவுகிறார். மலையிலிருந்து இறங்குகிறவர்கள் முதலில் ஓடுவது அங்கேதான். ரப்பர் செருப்பும் நீளத் துடைப்பமுமாக நின்றவர், என்னைப் பார்த்ததும் முகம் மாறாமல் சொன்னார்:

“எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு வர்றாங்க. நான் பாட்டுக்கு உள்ளே நின்னு பாட்டுப் பாடுறேன். விடுதிக்காரம்மாவுக்கு ஒரே சந்தோஷம், இப்படி ஒரு ஆள் கிடைக்கவே மாட்டாளாம். இந்த மூக்குக்கு இதைவிட ஏத்த வேலை உண்டா? உன் கடவுள் யோசிச்சுத்தான் செய்யுறான்.”

“நல்லாச் சாப்பிடுறீங்களாக்கா?” என்று கேட்டேன். “சூடா இருக்கா, ஆறிப்போச்சான்னு தெரியுது. அது போதும்” என்றார்.

வேலை முடிந்து நான் கிளம்பியபோது பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கூடவே வந்தார். நொண்டி நொண்டித்தான் வந்தார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. விடுதிச் சமையற்கட்டில் நான் எதையும் தொடாததைக் கவனித்திருந்தார்.

“இன்னைக்கு விரதமா?”

“ஆமாங்கக்கா.”

தலையை ஆட்டிக்கொண்டார். பஸ் வளைவில் தெரிந்தது. அக்கா சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். எங்கள் கடைச் சாப்பாட்டுப் பையில் இப்போது போகிற காப்பி. யாரோ நடந்து வந்தவர் அறையில் விட்டுப் போனதாம்.

“அவன் பொறுக்கினது. இப்ப யாரும் கொட்டுறதில்லை. குப்பையில வெறும் உறைதான் வருது, தினமும் நான்தானே அள்ளுறேன்.” பொட்டலம் தவளை மாதிரி உப்பியிருந்தது. பல்லால் கிழித்து, தன் மூக்குக்குக் கொண்டுபோகாமல் நேரே என் மூக்குக்குக் கீழே நீட்டினார். “குடிக்கச் சொல்லல. மோந்து மட்டும் பாரு. மோந்தா உன் விரதம் போயிடாது.”

முகர்ந்தேன். அவருக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்னால், தூறலில் பின்வாசல் பக்கமிருந்து, அத்தனை ஜாக்கிரதையையும் மீறி, எப்போதாவது உள்ளே வந்துவிடுமே, அதே வாசம். நான் வாயைத் திறந்தேன்.

“வேணாம்” என்றார் அக்கா. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “உனக்குப் பொய் வராது. ஏறு, பஸ் வந்துடுச்சு. நல்லாயிருக்குன்னு மட்டும் சொல்லிடாதே.”

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். பொட்டலத்தைக் கட்டை விரலால் கீழிருந்து மேலாக நீவி, உள்ளே இருந்த காற்றையெல்லாம் வெளியேற்றி, வாயை இறுக்கி மடித்து, மறுபடியும் மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.